வந்துபோகும் வண்டிக்கு வரி இல்லை

மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே நீங்கள் வைத்துவிடுவீர்கள். இல்லையென்றால் நான் வைத்துவிடுவேன். போன வாரமும் அதுதானே நடந்தது. கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதாக இருந்தாலும் முழுக்கப் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

விஷயம் என் மோட்டார் சைக்கிள். உங்கள் தையல் கடைக்குப் பின்னால், கொட்டகையில், துணிப் பொட்டலங்களுக்கு நடுவில் நிற்கிறதே, அதுதான். இந்த நாட்டு நம்பரோடு எல்லை தாண்டி நான் ஓட்டிவந்த வண்டி. அதற்குச் சுங்கத்தில் கொடுத்த தற்காலிக அனுமதி மே மாதக் கடைசியோடு முடிகிறது. ஒருமுறை நீட்டித்தாகிவிட்டது, இனி நீட்டிக்க மாட்டார்கள். அதற்குள் வண்டி வெளியே போக வேண்டும், அல்லது முறைப்படி இறக்குமதி செய்து அந்த ஊர் நம்பர் வாங்க வேண்டும். இறக்குமதி வரியில் இன்னொரு வண்டியே வாங்கிவிடலாம். வெளிநாட்டிலிருந்து ஊரோடு வந்துவிட்டவர்களுக்கு அந்த வரி கிடையாது. ஆனால் 'நிரந்தரமாகத் திரும்பிவிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதை நான் போட முடியாது அப்பா.

நீ வந்து ஓட்டிக்கொண்டு போயேன் என்று அம்மா சொன்னாள். நான் வந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதனால் மூன்றாவது வழி. வண்டியாக விற்க வேண்டாம், சாமான்களாக விற்றுவிடலாம். டாங்க், சக்கரம், சைலன்சர் எல்லாவற்றுக்கும் அங்கே ஆள் இருக்கிறது, இந்த மாடலின் சாமான் அங்கே கிடைப்பதே இல்லை. ஒவ்வொன்றாகக் கழற்றிவிடுங்கள். என் சார்பில் நீங்கள் செய்யலாம் என்று எழுதிக் கையெழுத்திட்ட கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். பேக்கரிக்காரருடைய வேனைப் பார்க்கும் மெக்கானிக் ஒரே நாளில் முடித்துக் கொடுத்துவிடுவார்.

இங்கே வேலை தலைக்கு மேல் இருக்கிறது. லிப்ட் எங்கே மாட்டிக்கொண்டாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நகரத்தின் ஒரு மூலையில் ஏறி மறுமூலையில் இறங்குகிறேன். அறை மாற்றிவிட்டேன். கீழே சலவைக்கடை, மெஷின் சுற்றும்போதெல்லாம் கட்டில் அதிர்கிறது. இங்கேயும் நிலைப்பேன் என்று தோன்றவில்லை, பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. சும்மாவா எனக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தீர்கள்?

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்
பம்பரம்

மார்ச் 16

பம்பரத்துக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. நான்கு தடவை படித்தேன், நான்கு தடவையும் பிடிக்கவில்லை.

கழற்றிவிடு என்று எழுதியிருக்கிறாய். எதிர்க்கடை பேக்கரிக்காரரிடம் காட்டினேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அந்த வார்த்தையை வண்டிக்குச் சொல்வதில்லை, மனிதர்களுக்குத்தான் சொல்கிறார்கள் என்றார். ஆகவே கேட்கிறேன், யாரைக் கழற்றிவிடுகிறாய்?

நன்றாக ஓடுகிற வண்டியை எதற்குப் பிரிக்க வேண்டும்? பொருந்தாத சட்டையைப் பிரிக்கலாம். வாங்கினவன் இளைத்துவிட்டான், பருத்துவிட்டான் என்றால் பிரிக்கலாம். இது அப்படியா? சுங்க அலுவலகத்துக்குப் போய் விசாரித்துவிட்டேன். அங்கே ஒருவர் மூக்குக் கண்ணாடியை எப்போதும் நெற்றியில் மாட்டிக்கொண்டு அதையே மேஜையில் தேடிக்கொண்டிருப்பார், அவர்தான் இந்தப் பிரிவைப் பார்க்கிறார். நெற்றிக்கண்ணர் என்று பெயர் வைத்திருக்கிறேன். அந்தப் படிவம் ஒரே ஒரு பக்கம்தானாம். நீ அங்கிருந்தே கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதுமாம். ஒரு கையெழுத்து. அதற்கு இவ்வளவு பிடிவாதமா?

வந்த புதிதில் நீயே சொன்னாய், இங்கேயே ஒரு லிப்ட் கம்பெனியில் சேர்ந்துவிடுகிறேன் என்று. அம்மா உன் அறைக்குப் புதிதாகத் திரை தைக்கச் சொன்னாள், நான் தைத்தேன். மூன்று மாதத்தில் என்ன ஆயிற்று? கீழே விழுந்தாய். முழங்கால் கிழிந்தது. பெற்றவன், மகளிடம் நாலு வார்த்தை சொன்னேன். அதற்காகவா விமானம் ஏறுவார்கள்?

வண்டி உன்னைப் போலவே ஒற்றைக் காலில்தான் நிற்கிறது. அம்மா மத்தியானம் காப்பி டம்ளரோடு போய் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறாள். கேட்டால் நாற்காலியைவிட இது முதுகுக்கு நல்லது என்கிறாள். நான் அந்தப் பக்கம் போவதில்லை. கடைக்கும் கொட்டகைக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன், உள்ளே மட்டும் போவதில்லை. நேற்று ஒருவருடைய கால்சட்டைக்கு இரண்டு இடது காலாக வெட்டிவிட்டேன். வாழ்நாளில் அப்படிச் செய்ததில்லை.

இன்னொன்று, பிரித்து விற்பதென்றாலும் சாவி வேண்டும். அது தொலைந்துவிட்டது, உனக்கே தெரியும். ஆகவே படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

அப்பா

மார்ச் 29

அப்பா,

சாவி தொலையவில்லை. பட்டன் டப்பாவில் இருக்கிறது. பெரிய கோட்டுப் பட்டன்களுக்கு அடியில், ஒரு துண்டுத் துணியில் சுற்றி வைத்திருக்கிறீர்கள்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள்தான் பார்த்தேன். அம்மாவின் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தேடியபோது கையில் பட்டது. எடுக்கவில்லை. அப்படியே மூடி வைத்துவிட்டேன். நீங்களாக எடுத்துக் கொடுப்பீர்கள் என்று அன்று முழுவதும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கட்டிலுக்கு அடியிலெல்லாம் என்னோடு சேர்ந்து தேடினீர்கள். குனிந்து, டார்ச் அடித்து. அதைத்தான் அப்பா என்னால் தாங்க முடியவில்லை. நீங்கள் சொன்ன நாலு வார்த்தைக்காக நான் விமானம் ஏறவில்லை.

அந்த மூன்று மாதமும் சாயங்காலமானால் கேட்டுக்கு வெளியே நிற்பீர்கள். நான் தெரு முனையில் திரும்பும்போதே தெரியும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, போகிற வருகிறவர்கள் முன்னால். ஒரு வார்த்தை கேட்க மாட்டீர்கள். கேட்டிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன். பன்னிரண்டாவது மாடியில் லிப்ட் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறவள் நான். அங்கே கடிகாரமே பார்க்காத நான், நம் தெருவுக்குள் நுழைவதற்குள் பத்துத் தடவை மணி பார்ப்பேன். அன்று மழையில் அந்தச் சாக்கடைத் திருப்பத்தில் நான் விழுந்ததும் அதனால்தான். நேரமாகிவிட்டதே, நிற்பாரே என்று திருப்பத்தில் வேகம் குறைக்காமல் வந்தேன்.

இதை இதுவரை சொன்னதில்லை. இப்போதும் உங்களைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. கொஞ்சம் குத்துவதற்காகவும்தான்.

கையெழுத்துப் போட மாட்டேன். இங்கே என் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒரு கையால் இங்கேயும் இன்னொரு கையால் அங்கேயும் நிரந்தரம் என்று எழுத எனக்குத் தெரியாது.

இனி வண்டி. முதலில் பேட்டரி இணைப்பை எடுங்கள். பெட்ரோலை முழுக்க வடித்துவிடுங்கள், கொட்டகையில் துணி இருக்கிறது, ஜாக்கிரதை. ஒயர்களுக்கெல்லாம் நடுவில் பிளாஸ்டிக் கொக்கி மாதிரி இணைப்பு இருக்கும், அழுத்தி இழுத்தால் கழன்று வரும். கழற்றின ஒவ்வொரு சாமானிலும் எந்தப் பக்கம் என்று எழுதி ஒட்டுங்கள்.

அம்மாவிடம் சொல்லாதீர்கள், சாவி பற்றி. அவளுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

பம்பரம்

ஏப்ரல் 20

மகளுக்கு,

உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. சரி, கைக்கு வேறு வேலை கொடுப்போம் என்று கொட்டகைக்குள் போனேன். மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை. உன் வண்டியைப் பிரிப்பதென்றால் நானே பிரிப்பேன், இன்னொருத்தன் ஸ்பேனர் படக்கூடாது என்று தோன்றியது.

கடை வாசலில் ஒரு பலகை மாட்டினேன். 'வெளிநாட்டு வண்டி பிரித்துத் தரப்படும்.' மறுநாள் ஒருவர் தன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். "எப்ப பிரிச்சுத் தருவீங்க?" என்கிறார். அவருக்குப் பின்னால் ஓர் அம்மாள் மிக்ஸியோடு. என் கையெழுத்தில் என்ன குறை என்று பேக்கரிக்காரரைக் கேட்டேன். கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது, எழுதினதுதான் தப்பு என்று சிரித்தார். மாற்றி எழுதினேன்.

நீ சொன்னபடி சாமான்களில் எல்லாம் துணித் துண்டு கட்டி, தையல் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன். அவற்றின் பெயரெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? எனக்குத் தெரிந்த பெயரை எழுதினேன். இடது கை, வலது கை, கழுத்து, முழங்கால், இடுப்புப் பட்டி. டாங்க் வாங்க வந்தவர் முழங்காலைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, ஷாக் அப்சார்பரா என்று கேட்டு அதையும் எடுத்துக்கொண்டார். டாங்கைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டுதான் வேனில் ஏறினார். சக்கரங்கள் போய்விட்டன. சைலன்சர் போய்விட்டது. ஒவ்வொன்று போகும்போதும் அம்மா வாசல் வரை வந்து பார்த்துவிட்டு உள்ளே போகிறாள். சீட்டை மட்டும் விற்க விடவில்லை. முக்காலி மேல் வைத்து அதில் உட்கார்ந்துதான் இப்போது பட்டன் தைக்கிறாள்.

ஒரு தப்பு நடந்துவிட்டது. ஒயர்களை நீ சொன்ன மாதிரி இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. கத்தரிக்கோலை எடுத்தேன். ஒட்ட வெட்டவில்லை, பயப்படாதே. எல்லா இடத்திலும் ஒரு முழம் உள்ளே விட்டுத்தான் வெட்டியிருக்கிறேன். நாளைக்குப் பெரிதாக்க வேண்டியிருந்தால் உதவும் என்று கை பழக்கத்தில் செய்துவிட்டேன். ஹெட்லைட் பார்க்க வந்த பையன்கள் அதைப் பார்த்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த ஹெட்லைட்டை எப்படியும் யாரும் வாங்க மாட்டார்களாம். உன் ஊரில் ரோட்டின் வலப்பக்கம் ஓட்டுகிறீர்கள், அதனால் விளக்கின் வெளிச்சம் வலப்பக்கம் தூக்கி அடிக்கும்படி செய்திருக்கிறார்கள். இங்கே இடப்பக்கம் ஓட்டுகிறவன் அதை மாட்டினால் எதிரில் வருகிறவன் கண் போய்விடுமாம். இது எனக்கு இத்தனை நாள் தெரியாது. நீ அதைக் கட்டிக்கொண்டு நம் தெருவில் எத்தனை சாயங்காலம் வந்திருக்கிறாய்.

இப்போது முக்கியமான விஷயம். எல்லாம் போய் வெறும் சேஸிஸ் நிற்கிறது, நம்பர் பொறித்த எலும்புக்கூடு. அதை விற்க முடியாது. சுங்கத்தில் ஒப்படைத்து, அவர்கள் கண்ணெதிரே வெட்டி, வண்டி இனி இல்லை என்று எழுதி வாங்க வேண்டும். அதற்கு உரிமையாளரே நேரில் வந்து நிற்க வேண்டும் என்கிறார்கள். அப்பன் நின்றால் செல்லாதாம். ஆகவே நீ வந்துதான் ஆக வேண்டும். இரண்டு நாள் போதும். மே மாதக் கடைசி என்பதை மறந்துவிடாதே.

சாவியைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன்.

அப்பா

மே 6

அப்பா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இடுப்புப் பட்டி எது என்று யோசித்து லிப்டுக்குள் தனியாக நின்று சிரித்தேன். கூட ஏறினவர் அடுத்த மாடியிலேயே இறங்கிக்கொண்டார். அது செயின் கார்டா, இல்லை கேரியரா?

அன்றே லீவு கேட்டேன். மேற்பார்வையாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், ஆனாலும் கொடுத்துவிட்டார். இரண்டு நாள் என்று நீங்கள் எழுதியதை ஒரு வாரம் என்று நானே ஆக்கிக்கொண்டேன். உங்களுக்கு நல்ல கத்தரிக்கோல் ஒன்று வாங்கினேன். அம்மாவுக்குக் காலுறை. பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தது நல்லதாயிற்று என்றுகூட நினைத்தேன்.

டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் என்னென்ன காகிதம் கொண்டுவர வேண்டும் என்று கேட்க, சுங்க அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் உங்கள் நெற்றிக்கண்ணராகத்தான் இருக்க வேண்டும். பேசும்போதே கண்ணாடியைத் தேடினார். வண்டி நம்பரைச் சொன்னதும், "தையல்காரர் பொண்ணாம்மா? உங்க அப்பா வாராவாரம் வந்து டீ வாங்கிக் குடுத்துட்டுப் போறாரே" என்றார். நேரில் வர வேண்டுமா என்று கேட்டேன். "நீங்க எதுக்கும்மா வரணும்? நீங்க குடுத்த கடிதாசியே போதும்னு அவர்கிட்ட அப்பவே சொல்லிட்டனே" என்றார்.

போனை வைத்தேன். பிறகு லீவை ரத்து செய்தேன்.

ஏன் அப்பா? வா என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நான் வந்திருப்பேனோ என்னவோ. வந்திருக்க மாட்டேன் என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். முதலில் சாவி, இப்போது சேஸிஸ். நான் உங்கள் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்றால் எதையாவது ஒளித்து வைத்தால்தான் முடியும் என்று எப்போது நினைக்க ஆரம்பித்தீர்கள்?

சேஸிஸை நீங்களே ஒப்படைத்துவிடுங்கள். காகிதம் வந்ததும் ஒரு நகல் அனுப்பினால் போதும்.

அறையை மறுபடி மாற்றப் போகிறேன். சலவைக்கடை அதிர்வு தாங்கவில்லை. கத்தரிக்கோல் என் பெட்டியிலேயே இருக்கிறது.

பம்பரம்

மே 28

மகளுக்கு,

நகல் இதோடு வைத்திருக்கிறேன். வண்டி இனி இல்லை.

பொய்தான் சொன்னேன். எழுதும்போதே தெரியும், நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று. ஆனாலும் அதற்குள் டிக்கெட் எடுத்துவிடுவாள், எடுத்த பிறகு திட்டிக்கொண்டே வந்துவிடுவாள் என்று ஒரு கணக்கு. துணி போதாத இடத்தில் இழுத்துப் பிடித்துத் தைத்தால் தையல் விட்டுப்போகும் என்று கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறவன் நான்.

பேக்கரிக்காரர் வேனில் சேஸிஸை ஏற்றிக்கொண்டு போனோம். அம்மாவும் வந்தாள். வர வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. சுங்கத்துக் கொல்லையில் ஒரு ஆள் முகமூடி மாட்டிக்கொண்டு கட்டரோடு நின்றான். நெற்றிக்கண்ணர் படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"உரிமையாளர் திரும்பி வருவாங்களா?" என்று கேட்டார்.

"அது எதுக்கு உங்களுக்கு?" என்றேன்.

"இந்தக் கட்டத்துல எழுதணும். வர்றாங்கன்னு எழுதினா, அப்புறம் எதுக்கு வண்டிய வெட்டுறீங்கன்னு மேல கேப்பாங்க."

பேனாவை என்னிடமே கொடுத்தார். நான்தான் 'இல்லை' என்று எழுதினேன். மூன்றே எழுத்து. எழுதிவிட்டுப் பார்த்தால் அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறாள். உடனே கட்டர் போட்டுவிட்டார்கள்.

வெட்டி முடித்து, டீ வந்தது. நெற்றிக்கண்ணர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதலுக்காக ஏதோ சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எத்தனை மாசம் இந்த வண்டி உங்க கொட்டகையில நின்னுச்சு, ஒரு பைசா வரி கேட்டமா? வந்து போற வண்டிக்கு வரியே கெடையாதுங்க. இங்கயே இருக்கணும்னு பிடிச்சு வெச்சாத்தான் வரி."

அவர் வண்டியைத்தான் சொன்னார். நான்தான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

வேனில் வரும்போது அம்மாவிடம் சாவி விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு முதல் நாளே தெரியுமாம். "நீங்களா குடுப்பீங்கன்னு நானும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்" என்றாள். ஒரே வீட்டில் ஒரே நாளில் இரண்டு பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள், எனக்குத் தெரியவில்லை.

சாவியை இந்த உறையில் வைத்திருக்கிறேன். பூட்டு ஒருவனிடம் போய்விட்டது, சேஸிஸ் துண்டு துண்டாகிவிட்டது, இப்போது இதைக் கொடுத்து என்ன பயன் என்று கேட்பாய். ஒரு பயனும் இல்லை. ஆனாலும் கொடுக்க வேண்டியவன் நான், வாங்கிக்கொள்.

இன்னொரு சங்கதி. அந்த ஹெட்லைட் கடைசி வரை விற்கவில்லை. பேக்கரிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு ஒயர் விட்டு வெட்டியிருக்கிறீர்களே, இதை வேறு எதற்காவது மாட்டலாமே என்றார். இருவருமாக அதைக் கேட் தூணில் பொருத்தினோம். அடாப்டர் அவர் கொடுத்தார். ஒரு முழ ஒயர் சரியாக உள்பக்கப் பிளக் வரை எட்டுகிறது. இருட்டினதும் போட்டுப் பார்த்தோம். நம் கேட்டில் நின்று தெருவைப் பார்த்தால் வலப்பக்கம்தானே அந்தச் சாக்கடைத் திருப்பம்? வெளிச்சம் சரியாக அங்கேதான் தூக்கி அடிக்கிறது. ரோட்டுக்கு ஆகாத விளக்கு, நம் தெருவுக்கென்று செய்ததுபோல இருக்கிறது. திருப்பத்தில் ஒரு கல் கிடந்தால்கூடத் தெரிகிறது.

நான் இப்போது அங்கே நிற்பதில்லை. விளக்கைப் போட்டுவிட்டு உள்ளே வந்துவிடுகிறேன். முதல் இரண்டு நாள் கால் தானாக வெளியே போயிற்று, அம்மா ஒரு பார்வை பார்த்தாள்.

கடை ரசீதுத் தாள் ஒன்றில் உனக்கு ஓர் அனுமதிப் படிவம் எழுதி வைத்திருக்கிறேன். சிரிக்காதே. 'தற்காலிக அனுமதி. பெயர்: பம்பரம். இவர் எப்போது வேண்டுமானாலும் வரலாம், எப்போது வேண்டுமானாலும் போகலாம். வரி கிடையாது. வரும் தேதி, போகும் தேதி.' இரண்டு தேதியையும் நிரப்பவில்லை. அது உன் வேலை. தையல் சாக்பீஸ் துண்டு ஒன்றும் வைத்திருக்கிறேன். போகும் தேதியை மட்டும் அதால் எழுது. தேவைப்பட்டால் ஒரு தட்டுத் தட்டி அழித்துவிடலாம்.

பொய் சொல்லாமல் கேட்கிறேன். வாயேன்.

அப்பா

ஜூன் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

சாவி கிடைத்தது. கருவிப்பைச் சாவிகளோடு கோத்து வைத்திருக்கிறேன். இன்று ஒரு கட்டடத்தில் லிப்ட் அறையைத் திறக்கும்போது தவறிப் போய் அதைப் போட்டுத் திருகினேன். கூட இருந்தவன் எந்த வீட்டுச் சாவி என்று கேட்டான். என் வீட்டுச் சாவி என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது.

'இல்லை' என்று நீங்கள் எழுதிய நகலை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். உங்கள் கையெழுத்து அவ்வளவு கோணலாக இருந்து பார்த்ததில்லை. அதை எழுத வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. நானும் வருகிறேன் என்று எழுதாமல், வண்டியை என்ன செய்வது என்று மட்டும்தானே எழுதிக்கொண்டிருந்தேன்.

லீவை மறுபடி கேட்டேன். மேற்பார்வையாளர், நீ வருகிறாயா போகிறாயா, ஏதாவது ஒன்றைச் சொல் என்று சலித்துக்கொண்டார். இரண்டும்தான் என்றேன்.

விமான நிலையத்திலிருந்து பஸ்ஸில் வருகிறேன். கத்தரிக்கோலும் காலுறையும் வருகின்றன. பஸ் நிலையத்துக்கு வந்து நிற்காதீர்கள், திருப்பத்தைத் தாண்டி நானே நடந்து வருவேன். விளக்கை மட்டும் ஒரு விரற்கடை கீழே இறக்கி வையுங்கள். இல்லாவிட்டால் வெளிச்சம் கண்ணில் அடித்து, வருகிற நானே அந்தச் சாக்கடையில் மறுபடி விழுவேன்.

அம்மாவிடம் சொல்லுங்கள், அந்தச் சீட்டில் ஓர் ஓரமாக எனக்கும் இடம் வேண்டும்.

அனுமதிப் படிவத்தை நிரப்பி இதோடு அனுப்புகிறேன். போகும் தேதியைச் சாக்பீஸால் எழுதச் சொன்னீர்கள். எழுதிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. தட்டி அழித்துவிட்டுப் பேனாவால் எழுதியிருக்கிறேன், கோபப்படாதீர்கள்.

வரும் தேதியையும் பேனாவால்தான் எழுதியிருக்கிறேன்.

பம்பரம்